விஜயதசமியன்று கையில் விழுந்த உப்பு

முப்பத்தாறு வயதில் ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சிறு தொழில்களுக்குக் கடன் தரும் ஒரு நிறுவனத்தின் தூத்துக்குடிக் கிளையில், கடன் கேட்டு வரும் தொழில்களை நேரில் போய்ப் பார்த்து மதிப்பிடுவது என் வேலையாக இருந்தது. இந்த ஆண்டு எங்கள் கிளையை மதுரைக் கிளையோடு சேர்த்துவிட்டார்கள். இனி மதிப்பீடு முழுவதும் சென்னையில் நடக்கும். கடன் கேட்பவர் தன் இயந்திரத்தைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்பினால் போதும். மதுரைக்குப் போக விருப்பம் இல்லாதவர்கள் விருப்ப ஓய்வு பெறலாம் என்றார்கள். பெற்றுக்கொண்டேன்.

மதுரைக்குப் போன இரண்டு இளம் பெண்கள் போன வாரம் அழைத்தார்கள். "அக்கா, நூறு போட்டோ வந்து கிடக்கு. எல்லா மிசினும் புதுசு மாதிரியே இருக்கு. எதை நம்புறது? நீங்க எப்படிக்கா முடிவு பண்ணுனீங்க?" என்று கேட்டார்கள். தொலைபேசியில் சொல்லி முடிகிற பதில் அல்ல அது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் உப்பளத் தொழிலாளர்கள், வீடு முத்தையாபுரத்தில். கல்லூரியில் பொருளாதாரம் படித்தேன். வளரும் நாட்டில் முதலீட்டின் பங்கு என்ன என்ற கேள்வி தேர்வில் தவறாமல் வரும். சேமிப்பு முதலீடாகும், முதலீடு இயந்திரமாகும், இயந்திரம் உற்பத்தியைக் கூட்டும், கூடிய உற்பத்தியிலிருந்து மேலும் சேமிப்பு வரும் என்று ஒரு வட்டம் வரைந்து அம்புக்குறி போடுவேன். முழு மதிப்பெண் கிடைக்கும். வேலையில் சேர்ந்ததும் என் மேசைமேல் என் பெயர்ப்பலகையை வைத்தார்கள். அப்பா ஒருநாள் கிளைக்கு வந்து அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். அதைத் துடைக்கும் வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

பயிற்சி சென்னையில் நடந்தது. குளிரூட்டிய அறை, தடித்த கையேடு. இரும்பு இயந்திரத்தின் ஆயுள் பத்தாண்டு என்று கையேட்டில் இருந்தது. கோயம்புத்தூரில் வைத்தாலும் பத்தாண்டு, கடற்கரையில் வைத்தாலும் பத்தாண்டு. எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி எத்தனை மழைக்குத் தாங்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பத்தாண்டு என்று எழுதித் தேறினேன். தேர்வில் கேட்டது கையேட்டைத்தானே, ஜன்னலை அல்லவே.

கிளை மேலாளர் ஜெபராஜ் சார் நாசரேத்துக்காரர். குடும்பமே வாத்தியார்களும் டீச்சர்களும். அவர் எந்தத் தொழிற்கூடத்துக்குப் போனாலும் தண்ணீர் பாட்டிலும் ஒரு பிஸ்கட் பொட்டலமும் பையில் இருக்கும். அங்கே ஒரு வாய் காபி குடிக்கமாட்டார், முதலாளியின் நாற்காலியில் உட்காரமாட்டார். முதலில் வெளியே ஒரு சுற்று நடந்து கூரையைப் பார்ப்பார். பிறகு உள்ளே வந்து இயந்திரத்தை நிறுத்தச் சொல்வார். கால்சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்பேனர் வைத்திருப்பார். அதை எடுத்து, தலையைச் சாய்த்துக்கொண்டு, இயந்திரத்தின் உடம்பெல்லாம் மெதுவாகத் தட்டிக்கொண்டே போவார். உள்ளே இரும்பு இருந்தால் 'டிங்' என்று மணி மாதிரிக் கேட்கும். துருவேறிப் போயிருந்தால் பூசணிக்காயைத் தட்டியது போல 'தப்' என்று கேட்கும். கடைசியாக ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "போன வருசம் மிஞ்சினதை எங்க போட்டீங்க?"

மகள் கல்யாணத்தில், மனையில், வளையலில் என்று பதில் வரும். எதற்கும் முகம் மாறமாட்டார். எழுதிக்கொள்வார். நான் அறிக்கையில் 'இயந்திரம் நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதினால் மட்டும் முகம் மாறும். "எது நல்லா இருக்கு? மோட்டாரா, பெல்ட்டா, பெயிண்டா?" என்று கேட்டுக் காகிதத்தைத் திருப்பித் தள்ளுவார்.

இனி, அந்தப் பெண்கள் கேட்டதற்கான பதில்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில், ஆறுமுகநேரிப் பக்கம் தங்கச்சாமி அண்ணாச்சிக்குச் சொந்தமாக உப்பளமும் ஒரு மூட்டை கட்டும் ஷெட்டும் இருந்தன. அளத்தில் வாரிய உப்பை அப்படியே மூட்டை கட்டி லாரியில் அனுப்பி வந்தார். அப்போது வெளியூர் வியாபாரிகள் கழுவாத உப்பை வாங்க யோசிக்க ஆரம்பித்திருந்தார்கள். கழுவி, அயோடின் சேர்த்து, பாக்கெட்டில் போட்டது வேண்டும் என்றார்கள். ஷெட்டில் சில பெண்கள் கூடைகூடையாக உப்பைத் தொட்டியில் முக்கிக் கழுவிப் பார்த்தார்கள். காலெல்லாம் புண் ஆனதுதான் மிச்சம். ஷெட்டை நம்பி நாற்பது பெண்கள் இருந்தார்கள். வாரத்தில் பாதி நாள் வேலை இல்லாமல் போயிற்று. உப்புக் கழுவும் இயந்திரம் வாங்க அண்ணாச்சி எங்களிடம் கடன் கேட்டார். அளத்தையே ஈடாகக் கொடுக்கத் தயாராக இருந்தார். இயந்திரம் ஓடினால் நாற்பது பேருக்கும் முழு வேலை. கடன் வாங்கிய பிறகு அது நின்றுபோனால், ஷெட்டும் போகும், அளமும் போகும்.

வடக்கே மூடிப்போன ஓர் உப்பாலையிலிருந்து பழைய இயந்திரம் ஒன்றைப் பேசி, முன்பணமும் கொடுத்து, ஷெட்டுக்கே கொண்டுவந்து பொருத்திவிட்டார் அண்ணாச்சி. மீதிப் பணத்துக்குத்தான் கடன். பொறியாளர் சான்றிதழ் வந்தாயிற்று. தலைமை அலுவலகமோ வரும் திங்கள்கிழமைக்குள் அறிக்கை வேண்டும், இல்லையென்றால் ஒதுக்கிய பணம் வேறு கிளைக்குப் போய்விடும் என்றது. அந்த வாரம்தான் ஆயுத பூஜை. விடுமுறை நாளிலேயே ஜெபராஜ் சாரும் நானும் ஷெட்டுக்குப் போனோம்.

இயந்திரம் பச்சைப் பெயிண்டில் பளபளத்தது. சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, மாவிலைத் தோரணம். உப்பை உருட்டிக் கழுவித் தள்ளும் நீளமான திருகுக்குக் கதம்ப மாலை போட்டிருந்தார்கள். சார் கூரையைப் பார்த்துவிட்டு வந்து ஸ்பேனரை எடுத்தார்.

"ஐயையோ சார்!" என்று ஓடி வந்தாள் பேச்சியம்மா. ஷெட்டில் பெண்களுக்கு மேஸ்திரி மாதிரி அவள். என் அம்மாவோடு அளத்தில் வேலை பார்த்தவள், எனக்குச் சித்தி முறை. "சாமி கும்பிட்ட மிசினு. இன்னைக்கு அதுமேல இரும்பு படக்கூடாது."

"நாளைக்குக் காலையில ஓட்டுவோம்லா சார்," என்றார் அண்ணாச்சி. "அப்ப வந்து தட்டுங்க. கொட்டு மாதிரி தட்டுங்க. யாரு வேண்டாம்னா?"

எல்லோரும் சிரித்தார்கள். சார் ஸ்பேனரைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அடுத்தவர் கும்பிடுகிற பொருள்மேல் கை வைக்கும் மனிதர் அல்ல அவர். மறுநாள் அவருக்கு நாசரேத்தில் ஒரு கல்யாணம். பேருந்தில் திரும்பும்போது, "நாளைக்கு நீங்க மட்டும் வந்து பாத்துருங்கம்மா. ஓடிச்சுன்னா கையெழுத்துப் போட்டுருவோம்," என்றார்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெயிண்டில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆயுத பூஜைக்குப் பெயிண்ட் அடிக்காத உப்பாலையை நான் எங்கள் கடற்கரையில் பார்த்ததில்லை. துருவைச் சுரண்டாமல் மேலேயே ஒரு பூச்சு, அடுத்த ஆண்டு அதற்கு மேலே இன்னொன்று. விற்றவர் ஆண்டுதோறும் அடித்திருந்தார். அண்ணாச்சி தன் பங்குக்கு ஒன்று அடித்தார். அதனால் அந்த ஒரு வாரம் எங்கள் பக்கத்தில் எந்த இயந்திரத்தின் வயதையும் யாராலும் சொல்ல முடியாது. அந்த வாரத்தில் படம் பிடித்தால் எல்லாமே கல்யாணப் பெண்தான்.

விஜயதசமி காலை. தேங்காய் உடைத்துச் சுவிட்சைப் போட்டார்கள். திருகு முனகிச் சுற்றத் தொடங்கியது. ஒரு முனையில் பெண்கள் அள்ளிப் போட்ட உப்பு, தண்ணீரில் புரண்டு மறு முனையில் ஈரமாக வந்து விழுந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். முதல் உப்பை அள்ளி வந்திருப்பவர்கள் கையில் கொடுப்பது அங்கே வழக்கம். வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்படியில் வைத்தால் லட்சுமி தங்குவாள். பேச்சியம்மா என் கையிலும் ஒரு பிடி வைத்தாள்.

பார்த்தேன். வெள்ளை உப்பில் தேயிலைத் தூள் தூவினாற்போல் பழுப்புத் துகள்கள்.

மற்றவர்கள் கையைப் பார்த்தேன். எல்லோரும் பார்த்திருந்தார்கள். நல்ல நாளில் முதல் உப்பைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? ஒருத்தி பெருவிரலால் துகளை மட்டும் மெல்லத் தள்ளிவிட்டு உப்பை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"முத உப்புல்லா, கொஞ்சம் கலங்கித்தான் வரும்," என்றாள் பேச்சியம்மா, யாரும் கேட்காமலேயே.

காத்திருந்தேன். பத்தாவது கூடையும் பழுப்பாகத்தான் வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு இயந்திரத்தை நிறுத்தியபோது குனிந்து, திருகு கிடக்கும் தொட்டியின் அடிப்பக்கத்தை விரலால் அழுத்தினேன். பச்சைப் பெயிண்ட் உள்ளே அமுங்கியது. அதற்குப் பின்னால் இரும்பு இல்லை. பெயிண்ட்தான் தொட்டியாக நின்றது.

அண்ணாச்சியை வெளியே அழைத்தேன். பனையோலை போட்டு மூடிய உப்பு அம்பாரத்தின் ஓரமாக நின்று சொன்னேன்.

"நல்ல நாளும் அதுவுமா இந்தப் பேச்சா?" என்று குரலை உயர்த்தினார். "இஞ்சினியரு பாத்து எழுதிக் குடுத்திருக்காரு. நேத்துப் படிச்சு வந்த பிள்ள நீ, விரல வச்சு அமுக்கிட்டு வேண்டாங்கியா? நீ யாரு மவ?"

அப்பா பெயரைச் சொன்னேன். பக்கத்து அளத்தில் பல வருடம் வரப்புப் போட்டவர்.

"அவரு மவளா? அப்ப உனக்குத் தெரியணும்லா. இந்தக் காத்துல எந்த இரும்புதான் நிக்கும்?"

"தெரியப்போய்த்தான் சொல்லுதேன் அண்ணாச்சி. மழைக்காலம் முடியுமுன்ன இது விழுந்துரும். பெறகு கடன் நிக்கும், மிசின் நிக்காது."

அம்பாரத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் கையில் இருந்த உப்பைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு பேருந்து ஏறினேன். வழியெல்லாம் அந்த நாற்பது பெண்கள்தான் கண்முன் நின்றார்கள். வேண்டாம் என்று நான் எழுதினால், வேலையில்லாத பாதி வாரம் முழு வாரமாகும். சரி என்று எழுதினால் அதே கதி சில மாதம் கழித்து வரும், அளத்தையும் சேர்த்து வாரிக்கொண்டு போகும்.

திங்கள்கிழமை ஜெபராஜ் சார் கேட்டார்: "ஓடுச்சா?"

"ஓடுச்சு சார்."

"அப்புறம் என்ன?"

கைக்குட்டையை அவிழ்த்து அவர் மேசையில் இருந்த வெள்ளைக் காகிதத்தில் கொட்டினேன். ஈரம் காய்ந்து துகள்கள் இன்னும் எடுப்பாகத் தெரிந்தன. சார் ஸ்பேனர் நுனியால் அவற்றை ஒவ்வொன்றாக ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே இருந்தார். மேசைமேல் தொலைபேசி அடித்து ஓய்ந்தது. தலைமை அலுவலகம்தான்.

"வேண்டாம்னு எழுதப் போறீங்க," என்றார்.

"இந்த மிசின் வேண்டாம்னு எழுதப் போறேன் சார். கடன் வேணும்னு எழுதப் போறேன்."

இரவெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். பழையதில் மோட்டாரும் கியர்பெட்டியும் உப்புத் தண்ணீர் படாமல் தள்ளி இருந்தவை. அவை நன்றாக இருந்தன. கொடுத்த முன்பணத்துக்கு அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விற்றவரிடமே திருப்பி அனுப்பலாம். உப்பு படுகிற திருகு மட்டும் துருப்பிடிக்காத எஃகில் புதிதாக வரட்டும். தொட்டியைச் சிமெண்டில் கட்டி ஓடு பதிக்கலாம். உலர்த்தும் இயந்திரத்துக்கு இப்போது பணம் போதாது, முதல் ஆண்டு வெயிலில் காயட்டும். கழுவிய உப்பில் வருகிற லாபத்தில் அடுத்த ஆண்டு அதை வாங்கிக்கொள்ளலாம்.

"பாதி மிசினுக்கு யாரும்மா கடன் குடுப்பா? கையேட்டுல அப்படி ஒரு வழியே கிடையாதே."

"முழு மிசின்னு நாம நினைச்சதுல பாதி பெயிண்டு சார். இது பாதியா இருந்தாலும் அவ்வளவும் எஃகு."

அவர் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார். மேலிடத்தோடு முக்கியமாகப் பேசும்போது நின்றுகொண்டே பேசுவது அவர் பழக்கம். ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசினார். "பணம் வேற கிளைக்குப் போனாப் போகட்டும் சார், துருவுக்குப் போகவேண்டாம்," என்று அவர் சொன்னது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. போனை வைத்துவிட்டு, "எழுதுங்க. ஆனா திருகோட ஆயுசு எவ்வளவுன்னு போடுவீங்க? பத்து வருசமா?" என்றார்.

"மூணு சார். இங்க எஃகும் சாகும். மெதுவாச் சாகும், அவ்வளவுதான்."

அந்த மூன்றை எழுதும்போதுதான் கல்லூரியில் நான் வரைந்த வட்டத்தில் ஒரு அம்புக்குறி குறைந்திருந்தது புரிந்தது. இயந்திரம் உற்பத்தியைக் கூட்டும், உண்மைதான். ஆனால் கூட்டிக்கொண்டே தானும் கரையும். அப்படிக் கரைந்ததை ஈடுகட்டிய பிறகு கையில் நிற்பதுதான் லாபம். அதற்கு முன்னால் எடுத்துச் செலவழிப்பது லாபத்தை அல்ல, இயந்திரத்தைத்தான். எங்கள் கடற்கரையில் மூடிக் கிடக்கும் பல ஆலைகள் முதலீடு இல்லாமல் மூடியவை அல்ல. போட்ட முதலீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காதுகுத்துக்கும் வீட்டு முகப்புக்கும் தின்று, மேலே பெயிண்ட் அடித்து வைத்திருந்தவை. ஒரு நாட்டில் எவ்வளவு கடன் கொடுத்தார்கள் என்பதை மட்டும் கூட்டி வளர்ச்சி என்று சொன்னால் அதில் இந்தப் பெயிண்டும் சேர்ந்துவிடும்.

அதனால் கடனுக்கு ஒரு நிபந்தனை எழுதினேன். ஒவ்வொரு சீசன் முடிவிலும், வேறெதற்கும் எடுக்குமுன், புதிய திருகுக்காக ஒரு பங்கைத் தனியே போட்டு வைக்கவேண்டும். மேலிடம் முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டது. அண்ணாச்சிதான் ஒப்புக்கொள்ளவில்லை.

"பேத்திக்குக் காதுகுத்து வச்சிருக்கேன். அதுக்கு முன்ன இந்த மிசினுக்குப் பங்கா? இது என்ன எனக்கு இன்னொரு பேத்தியா?" என்று ஷெட்டே அதிரக் கேட்டார்.

"ஆமா அண்ணாச்சி, இரும்புப் பேத்தி," என்றாள் பேச்சியம்மா. "வருசா வருசம் சீர் செய்யணும்."

பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அண்ணாச்சியும் கடைசியில் சிரித்துவிட்டார். கையெழுத்துப் போட்டார்.

வெளியே வரும்போது பேச்சியம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "ஏளா, மிசினு தேஞ்சா பங்கு எடுத்து வைக்கச் சொல்லுத. நாங்களும்தான் தேயுதோம். எங்களுக்கு எங்கன எடுத்து வைப்பாவ?" அவள் காலில் பழைய புண்ணின் தழும்பு இருந்தது. எங்கள் படிவத்தில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை. இன்றைக்கும் இல்லை. கூடையில் கழுவிய பெண்களில் பெரும்பாலோர் பாக்கெட் போடும் வேலைக்கு மாறினார்கள். வயதான இருவர் அதற்குப் பழக முடியாமல் வேலையிலிருந்து நின்றுவிட்டார்கள். அதையும் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லக்கூடாது.

புதிய திருகு ஓடத் தொடங்கியது. கழுவி வெயிலில் காயவைத்து அடுக்கியிருந்த உப்புக்கு மழைக்காலத்தில் நல்ல விலை கிடைத்தது. மறு வருடம் உலர்த்தும் இயந்திரம் வந்தது, எங்களிடம் கடன் வாங்காமலே. ஜெபராஜ் சார் ஓய்வு பெற்று நாசரேத்துக்குப் போனார். நான் வேறு வேறு ஊர்களுக்கு மாறிச் சுற்றிவிட்டு மறுபடி தூத்துக்குடிக்கே வந்தேன். அண்ணாச்சியின் கடன் அடைந்து கணக்கு முடிந்த பிறகு அந்த ஷெட்டுக்குப் போக எனக்கு அலுவல் இல்லை.

இந்த ஆண்டு கிளை மூடும் வாரத்தில் அண்ணாச்சி கூப்பிட்டார். "மேடம், விஜயதசமிக்கு ஷெட்டுக்கு வந்துட்டுப் போங்க. ஒரு விசயம் இருக்கு," என்றார். விசயம் என்ன என்று சொல்லவில்லை. நிபந்தனை கடனோடு முடிந்துவிட்டது. அதன்பிறகு பங்கு எடுத்து வைக்கச் சொல்லிக் கேட்க யாரும் இல்லை. இடையில் அவருடைய கடைசி மகளின் கல்யாணமும் முடிந்திருந்தது. புதுக் கடன் கேட்கத்தான் கூப்பிடுகிறார், கேட்க ஒரு கிளைகூட இல்லாத நேரத்தில், என்று நினைத்துக்கொண்டே போனேன்.

ஷெட் வாசலில் எஃகுத் திருகு கழற்றிக் கிடந்தது. விளிம்பெல்லாம் அரித்து ரம்பம் போல் பல்லுப் பல்லாக இருந்தது. அப்படியே நின்றுவிட்டேன்.

"என்ன அதையே பாக்கிய? அது மூணாவது," என்றார் அண்ணாச்சி. தலை முழுக்க நரைத்திருந்தது. "உள்ள வாங்க. நாலாவதை இன்னைக்குத்தான் ஓட்டுதோம். பக்கத்துலயே ரெண்டாவது மிசினும் போட்டாச்சு. அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

"யாரு கிட்ட கடன் வாங்குனீங்க அண்ணாச்சி?"

"யாரு கிட்டயும் இல்ல. இரும்புப் பேத்தி பங்குலதான். மவ கல்யாணத்தப்ப அதுல கை வைக்கப் போனேன். இவ விடல."

இவ என்று அவர் காட்டிய பேச்சியம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். "பெறகு? நீங்க கல்யாணம் முடிச்சு அனுப்பிருவிய. மிசின் நின்னா நாங்கள்லா வீட்டுல உக்காரணும்."

தேங்காய் உடைத்தார்கள். இரண்டு திருகும் ஒன்றாகச் சுற்றின. குலவைச் சத்தம் அடங்குமுன் பேச்சியம்மா வந்து என் உள்ளங்கையில் ஒரு பிடி உப்பை வைத்தாள். வெளிச்சத்துக்கு வந்து விரலால் பரப்பிப் பார்த்தேன். புரட்டிப் பார்த்தேன்.

"என்னளா அதை உத்து உத்துப் பாக்க? என்னத்தத் தேடுத?"

"ஒண்ணுமில்ல சித்தி."

"இருந்தாத்தான தெம்படும்? வாயில போடு."

போட்டேன். உப்பு கரித்தது. வேறெதுவும் பல்லில் படவில்லை.